கட்டம் நெளிந்த கல்யாண டிவிடி

என் வீட்டுக்காரர் வேணுகோபாலுக்கு இரண்டு உத்தியோகம். ஆரணிக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர்; அது சம்பளம் வரும் உத்தியோகம். பையைக் கழற்றி ஆணியில் மாட்டிய அடுத்த நொடி வீடியோக்காரர். அது யாரும் கேட்காமல் அவரே எடுத்துக்கொண்ட உத்தியோகம். பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டில் முதலாவதை மட்டும்தான் சொன்னார்கள். இரண்டாவதையும் சொல்லியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த கூட்டாளி ஒருவர் பழைய கேமரா ஒன்றை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காது குத்தினார்கள்; இவர் போய்ப் படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் வைத்து வெட்டி ஒட்டி டிவிடி போட்டுக் கொடுத்தார். அதில் காது குத்துகிற ஆசாரியின் வழுக்கைத் தலைமேல் ரோஜாப்பூ மழை பொழிந்தது. குழந்தை வாயைத் திறந்து அழும்போது அதன் முகம் சதுரமாகச் சுருங்கி, உருண்டு உருண்டு போய், தாய்மாமனின் முகமாக விரிந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தெரு மொத்தமும் வந்து பார்த்துவிட்டு, "வேணு, சினிமாவுக்குப் போக வேண்டிய ஆளு" என்று ஏற்றிவிட்டது. தூக்கி விட்டவர்கள் போய்விட்டார்கள். கூடக் குடித்தனம் நடத்துகிறவள் நானல்லவா.

இப்படிப்பட்ட மனுஷனின் கையில்தான் சங்கீதாவின் கல்யாணம் வந்து மாட்டியது.

சங்கீதா இவருடைய அண்ணன் மகள். அண்ணன் அருணாச்சலம் அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறார். நெசவாளி. ஆரணியில் அவர் நெய்த பட்டு என்றால் கடைக்காரர்கள் மடிப்பைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பேச்சு குறைவு, கோபமும் சத்தம் போடாத கோபம். அவர் வீட்டில் இரண்டு குழித்தறி, குழிக்குள் கால் விட்டு மிதித்து நெய்வது. ஒன்றில் அவர், மற்றொன்றில் சங்கீதா. அப்பனும் மகளும் நாளெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் நெய்துகொண்டிருப்பார்கள். ஆனால் இரண்டு தறியின் சத்தமும் பேசிக்கொள்கிற மாதிரியே இருக்கும். அவ்வளவு ஒட்டு.

சங்கீதாவின் அம்மா செல்லியம்மாளுக்குச் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில், ஊசி குத்தி ரத்தம் எடுத்த பையன் அஜித்குமார். ஊர் தெள்ளார்ப் பக்கம், வேலை சேத்துப்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததோ இல்லையோ, மாதா மாதம் பரிசோதனை மட்டும் தவறாமல் நடந்தது. கடைசியில் சங்கீதா அப்பாவிடம் போய் நேராகவே சொல்லிவிட்டாள், கட்டிக்கொண்டால் இவனைத்தான் என்று. பையன் வேறு ஜாதி. அருணாச்சலம் மாமா கத்தவில்லை, அடிக்கவில்லை. "இனிமே என் தறில உக்காராத" என்றார். அதோடு மகளுடன் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அவளும் அவர் மகள்தானே. தெருக்கோடியில் துரைக்கண்ணு முதலாளியின் தறிக்கூடத்தில் ஒரு தறி கேட்டு வாங்கி, தன் கல்யாணப் புடவையைத் தானே நெய்தாள். கிளிப்பச்சை உடல், அதில் மெல்லிய அரக்குக் கட்டம். கட்டம் என்றால் சாதாரணக் கட்டமில்லை. தலைமுடி மாதிரி ஒல்லிக் கோடுகள், நெருக்க நெருக்கமாக. அப்பா அந்தக் கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே போனார். புடவையின் ஒரு நூலைக்கூட அவர் பார்க்கவில்லை.

கல்யாணம் படவேட்டில் அம்மன் சன்னதியில் நடந்தது. அம்மா வந்தாள், நாங்கள் போனோம், மாப்பிள்ளை வீட்டில் நிறையப் பேர் வந்தார்கள். அப்பா வரவில்லை. இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனதால் தம்பியோடும் பேச்சு நின்றது. தெருவில் எதிரே வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு சாக்கடையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சேத்துப்பட்டில் குடிபோன சங்கீதா போன் செய்து என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சித்தி, அப்பா வர வேணாம், பேச வேணாம். எனக்குத் தாலி ஏறினத ஒரு தடவ கண்ணால பாத்தா போதும். எப்படியாவது பாக்க வைங்க." பார்க்க வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதற்கு வழி சொன்னது செல்லியம்மாள் அக்கா. "அவரு சோத்துல உக்காந்தா பாதில எழுந்துக்க மாட்டாரு. தட்டப் போட்டுட்டு டிவிடியப் போட்டுடறேன். எங்க போவாரு?" என்றாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இனி டிவிடி வர வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பாக்கிதான் எங்களை ஆட்டிவைத்தது.

முதல் டிவிடி கம்ப்யூட்டரில் தேனாக ஓடியது. எடுத்துக்கொண்டு போய் ஹாலில் இருக்கும் டப்பா டிவியில் போட்டோம். 'சங்கீதா' என்ற எழுத்துக்குத் தலை இல்லை; மேலே பாதி வெட்டுப்பட்டிருந்தது. அஜித்குமார் தாலி கட்டும்போது குளிர் ஜுரம் வந்தவன் மாதிரி கை உதறிற்று. ஐயர் ஆரத்தி சுற்றும்போது தட்டு ஒன்று, பிசாசுத் தட்டு ஒன்று என்று இரண்டாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே புடவை. அந்த ஒல்லிக் கட்டம் முழுவதும் எறும்புப் புற்றைக் கலைத்துவிட்ட மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. சங்கீதா அசையாமல் நின்றாலும் புடவை மட்டும் நெளிந்தது.

"பொடவ மேல இன்னாங்க ஊருது?" என்றேன்.

"டிவி கோளாறு" என்றார். பக்கத்து வீட்டு டிவியில் போட்டார். அங்கேயும் ஊர்ந்தது. அப்புறம் பிளேயர் கோளாறு என்றார். அப்புறம் கரண்ட் கோளாறு. கடைசியில், கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது நான் மிக்ஸி போட்டதுதான் காரணம் என்று கொண்டுவந்து நிறுத்தினார்.

"அக்காங், ஆமா, உங்க அண்ணன் பேசாததுக்கும் என் மிக்ஸிதான் காரணம்" என்றேன். அதற்கப்புறம் மிக்ஸியைப் பற்றிப் பேச்சில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வேறு ஊராக இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. ஆரணியில் கல்யாண வீடியோ பார்க்க உட்காருகிறவர்கள் பெண்ணின் மூஞ்சியைப் பிறகுதான் பார்ப்பார்கள், முதலில் புடவை. பார்டர் எந்த ரகம், முந்தானைக்கு எவ்வளவு ஜரிகை, யார் நெய்தது என்று படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். மணமகள் மயங்கி விழுந்தால்கூட, விழுந்த இடத்தில் மடிப்பு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பேச்சு வரும். அதிலும் அருணாச்சலம் மாமாவின் கண்.

"அந்தக் கண்ண எனக்குத் தெரியும் ரேணுகா. ஒரு கோடு நெளிஞ்சாலும் மூஞ்சத் திருப்பிக்குவாரு. ஒரே சான்ஸுதான். சுத்தமா இல்லாம குடுக்க மாட்டேன்" என்றார் இவர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் அவரை எதிர்த்துப் பேச முடியவில்லை.

அதிலிருந்து வீட்டில் டிவிடி மழை. ஒரு டிவிடித் தட்டில் பதிந்து, போட்டுப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த தட்டு. கெட்டுப்போன தட்டுகளைக் கயிற்றில் கட்டிக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டேன், கிளி வராது என்று. கிளி அதில் மூஞ்சி பார்த்துக்கொண்டு இன்னும் அதிகமாக வந்தது. அண்ணனுக்குப் பிடிக்காது என்று ரோஜா மழையையும் உருளும் சதுரங்களையும் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்தார். பெற்ற பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருகிற மாதிரி ஒரு முகம்.

எழுத்தைக் கொஞ்சம் கீழே இறக்கினார், அதற்குத் தலை வந்துவிட்டது. கை உதறுவது மட்டும் போகவில்லை. நெட்டில் தேடித் தேடிப் படித்தார். டிவிக்காரன் ஒரு படத்தை முழுசாகக் காட்டுவதில்லையாம். கோடு கோடாகப் பிரித்து, முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், பிறகு இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு தவணையில் காட்டுகிறானாம். அதில் எது முதல் என்று கம்ப்யூட்டரில் சொல்ல வேண்டுமாம். இவருக்கு அது மண்டையில் ஏறவில்லை. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதுகூட "ஒத்த, ரெட்ட" என்று முணுமுணுத்திருக்கிறார். யாரோ ஒரு பெரியவர் லாட்டரி நம்பர் என்று நினைத்து எழுதிக்கொண்டு போனாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட உட்கார்ந்தவர் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். வலது கால், இடது கால், வலது கால், இடது கால். சின்ன வயதில் தறியில் உட்கார்ந்து மிதித்த பழக்கம், கண்டக்டர் ஆகியும் விடவில்லை.

"காலக் கொஞ்சம் சும்மா வெச்சிகினு தின்னுங்க, கொழம்பு ஆடுது" என்றேன்.

சாப்பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு காலையும் குனிந்து பார்த்தார். யாருடைய காலோ என்பது மாதிரி பார்த்தார்.

"ரேணுகா, இந்த மிதி மிதிச்சா ஒத்த இழ மேல வரும். அந்த மிதி மிதிச்சா ரெட்ட இழ மேல வரும். மாத்தி மிதிச்சா?"

"துணி நாசமாப் போவும்."

"அதான். நான் மாத்தி மிதிச்சிகினு கீறேன்" என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு ஓடினார். அந்தக் குழம்புக் கறை இன்னும் போகவில்லை.

கேமரா இரட்டைக் கோட்டை முதலில் எடுத்திருக்கிறது. இவர் ஒற்றைக் கோட்டை முதலில் காட்டச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மாற்றிப் போட்டதும் அஜித்குமாரின் ஜுரம் இறங்கிவிட்டது. கை நிதானமாகப் போய்த் தாலி கட்டியது. ஆரத்தித் தட்டு ஒன்றாயிற்று. நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் நின்று கும்மி அடிக்காத குறை. இவர் அந்தத் தட்டின் மேல் பெரிய எழுத்தில் 'பைனல்' என்று எழுதிவிட்டார். எழுதி மை காய்வதற்குள் புடவையைக் கவனித்தேன்.

"ஏங்க, எறும்பு இன்னும் அங்கியேதான் கீது."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'பைனல்' தட்டு டிவி மேலிருந்த குவியலில் போய்ச் சேர்ந்தது.

அந்த எறும்புக்கும் அதே ஒற்றை இரட்டைதான் காரணம் என்று அவருக்குப் புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. கட்டத்தின் கோடு மிக ஒல்லி. ஒற்றைக் கோட்டுத் தவணையில் தெரியும், இரட்டைக் கோட்டுத் தவணையில் காணாமல் போகும். தெரிந்து மறைந்து தெரிந்து மறைந்து, பார்ப்பவர் கண்ணுக்கு ஊர்கிற மாதிரி இருக்கும். படத்தை லேசாக மங்க வைத்தால் கோடு பக்கத்துக் கோட்டிலும் கொஞ்சம் படியும், அசையாமல் நிற்கும். இவர் லேசாகவா வைப்பார்? முதல் தடவை வைத்த மங்கலில் சங்கீதாவுக்கு மூக்கே இல்லை. ஐயர் புகைக்குள் ஒரு புகையாக நின்றார். "கல்யாணம் ஊட்டியிலயா நடந்துச்சு?" என்று கேட்டேன். இரண்டு நாள் என்னிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் சரியான அளவைப் பிடித்துவிட்டார்.

போட்டுப் பார்த்தோம். கிளிப்பச்சை கிளிப்பச்சையாக இருந்தது, அரக்குக் கட்டம் அமைதியாக, நெய்தது நெய்தபடி நின்றது. சங்கீதா தலையைக் குனிந்தாள், தாலி ஏறிற்று. ஒன்றும் ஊரவில்லை. நான் அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். இவரும் மூக்கை உறிஞ்சினார். பிறகு அந்தத் தட்டின் மேல் 'ஓகே' என்று சின்னதாக எழுதினார். 'பைனல்' என்று எழுதப் பயம்.

அப்பாவுக்குக் காட்டும் முன் அவளே ஒரு தடவை பார்க்கட்டும் என்று, மறுநாள் காலை அந்த 'ஓகே' தட்டோடு நானே இவருடைய பஸ்ஸில் ஏறிச் சேத்துப்பட்டுக்குப் போனேன். பெண்டாட்டி என்றுகூடப் பார்க்காமல் டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்தார்.

நான் அந்தப் பக்கம் போன நேரம், இந்தப் பக்கம் செல்லியம்மாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து அலுத்துப்போயிருக்கிறது அவளுக்கு. சாவி மாட்டும் இடம் அவளுக்குத் தெரியும். திறந்து உள்ளே வந்து டிவி மேலிருந்த குவியலைப் பார்த்திருக்கிறாள். அதில் ஒன்றில் கொட்டை எழுத்தில் 'பைனல்'. வேறு எதை எடுப்பாள்? எடுத்துக்கொண்டு போய், புருஷனுக்குத் தட்டைப் போட்டு, சோற்றைப் போட்டு, டிவிடியையும் போட்டுவிட்டாள்.

மற்றது அக்கா பிறகு எங்களிடம் சொன்னது. நாதஸ்வரம் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டதாம். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாராம். "ஒரு தடவ பாரேன்யா, நம்ம பொண்ணுய்யா" என்று அக்கா கெஞ்சியிருக்கிறாள். சரியென்று அரைக்கண்ணால் திரும்பியவர் சோற்றுக் கையை அப்படியே நிறுத்திவிட்டாராம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து டிவிக்குக் கிட்டே போய், மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தாராம்.

"இன்னாடி இது, கட்டம் நெளியுது? பாவு இழ தளந்து போயிருக்கு. கூடத்துல எவன் பாவு போட்டுக் குடுத்தான்? இதயா கட்டிகினு ஊர் முன்னாடி உக்காந்தா?"

அக்காவுக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் சிரிப்பு. இத்தனை மாசத்தில் மகளைப் பற்றி அவர் வாயைத் திறந்தது இப்போதுதான். "எனக்கின்னா தெரியும், நீ போய்ப் பாத்தாதான் தெரியும்" என்று சொல்லியிருக்கிறாள். என்ன சாமர்த்தியம் பாருங்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு சட்டையை மாட்டி, மகளின் விலாசத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

பஸ் ஸ்டாண்டில் சேத்துப்பட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தவருக்கு, அது தம்பி வண்டி என்பது கோபத்தில் மறந்துபோயிருந்தது. இவர் டிக்கெட் கேட்டுக்கொண்டே வந்து அண்ணன் முன்னால் நின்றிருக்கிறார். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தார். பின்னால் நின்ற ஆள் "இன்னாப்பா, ஜல்தி" என்றான்.

"சேத்துப்பட்டு ஒண்ணு" என்றார் அண்ணன். அதுதான் பேச்சு நின்ற பிறகு தம்பியோடு அவர் பேசிய முதல் வார்த்தை.

எனக்குப் போன் வந்தது. பஸ் இரைச்சலில் இவர் குசுகுசுவென்று பேசினார். "ரேணுகா, அண்ணன் வண்டில கீறாரு. அங்கதான் வர்றாரு. மூஞ்சி சரியில்ல."

சங்கீதாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அஜித்குமாருக்கு அன்று விடுமுறை. எழுந்தான், உட்கார்ந்தான், சட்டையை மாற்றினான், திரும்பப் பழைய சட்டையையே போட்டுக்கொண்டான். ரத்தம் எடுக்கும்போது ஊர் மக்களுக்கெல்லாம் தைரியம் சொல்கிற பிள்ளை, வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தான். எனக்கோ அவர் வருகிறார் என்பதில் உள்ளுக்குள் ஒரு குதூகலம். சண்டை போடவாவது வருகிறாரே.

வந்தார். வாசலில் செருப்பை விட்டார். யாரையும் பார்க்கவில்லை.

"அந்தப் பொடவைய எடு" என்றார்.

சங்கீதா பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார். விரல் நகத்தால் கட்டம் கட்டமாக அளந்தார். தூக்கிப் பிடித்து வெயிலில் பார்த்தார். திருப்பிப் போட்டுப் பார்த்தார். பார்டர் சேரும் இடத்தைக் கட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பிக்கொண்டே போனது. ஒரு கட்டமும் நெளியவில்லை.

"நல்லாத்தான கீது" என்றார். திட்டுவதற்கென்றே இவ்வளவு தூரம் வந்தவருக்கு, திட்ட ஒன்றும் கிடைக்காத ஏமாற்றம். எனக்குச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் இவர் மூச்சு வாங்க ஓடி வந்தார். வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு, தோளில் பணப்பையோடு ஓட்டம். "அண்ணா, பொடவ மேல தப்பில்ல. டிவி ஒத்தக் கோடு ஒரு வாட்டி, ரெட்டக் கோடு ஒரு வாட்டி காட்டும். மிதி மாதிரி. இவ கட்டம் ஒல்லி, ஒரு மிதில தெரியுது, ஒரு மிதில தெரில. அத நான்தான் கவனிக்கல" என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

அண்ணன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்ப தப்பு உன்னுது."

"என்னுதுதான்."

"ஒரு பொண்ணு நெசவ ஊர் முன்னாடி கேவலப்படுத்திட்டியேடா."

"ஊரு பாக்கலண்ணா. நீ ஒருத்தன்தான் பாத்த" என்றார் இவர். தம்பியைத் திட்டக் கிடைத்ததில் மாமாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. நானும் நல்ல நேரம் பார்த்து 'ஓகே' தட்டை பிளேயரில் போட்டேன். திரையில் சங்கீதா மணவறைக்கு வந்து உட்கார்ந்தாள். மாமா திரையைப் பார்ப்பார், மடியிலிருக்கும் புடவையைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. "ம்" என்றார். அந்த 'ம்' கேட்டு இவருக்கு வந்த பூரிப்பு இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

மாமா புடவையை மடிக்க ஆரம்பித்தார். மடிப்பு உள்முனைக்கு வந்தபோது கை நின்றது. கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"இங்க ரெண்டு இழ விட்டிருக்கு. முடிச்சு வேற. ஆரம்பத்துலயே. கொசுவத்துக்குள்ள போயிடும், வெளிய தெரியாது. ஆனா நீ இப்படி விட மாட்டியே. இன்னா ஆச்சு?"

அந்தக் கேள்வியை மகளைப் பார்த்தே கேட்டார்.

"அது மொத நாளுப்பா. வேற தறில உக்காந்த மொத நாளு. பக்கத்துத் தறில நீ இல்ல. அழுதுகினே நெய்ஞ்சேன், கண்ணு தெரில" என்றாள்.

அவர் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். டிவியில் மேளம் வேகம் பிடித்தது. வாசலில் டிரைவர் நெடுஞ்செழியன் கண்டக்டரைத் தேடிக்கொண்டு வந்து நின்றான், பின்னாலேயே இரண்டு பிரயாணிகள்.

"என்னாலதான்" என்றார் மாமா. பிறகு சுவரோரம் நின்றிருந்த அஜித்குமாரைத் திரும்பிப் பார்த்தார். "மாப்ள, ஊட்ல அரிசி கீதா? மஞ்சத்தூளும் கொண்டாங்க."

மாப்பிள்ளை சமையலறைக்குப் பாய்ந்தான். பதற்றத்தில் தண்ணீரை அதிகமாக ஊற்றி அரிசியைக் குழைத்துக் கொண்டுவந்தான். மாமா இருவரையும் டிவிக்குப் பக்கத்தில் சேர்த்து நிற்க வைத்தார். எனக்கு ஒரு கை, தம்பிக்கு ஒரு கை, வாசலில் நின்ற நெடுஞ்செழியனுக்கும் பிரயாணிகளுக்கும் கூப்பிட்டு ஒரு கை அரிசி கொடுத்தார். திரையில் ஐயர் கையை உயர்த்தினார், கெட்டிமேளம் கொட்டியது. அஜித்குமாரின் கை நிதானமாகத் தாலியைக் கட்டியது.

"போடுங்க" என்றார் மாமா. எல்லோரும் போட்டோம். முதலில் போட்டவர் அவர்தான். கையில் ஒட்டியிருந்த ஈர அரிசியை உதறக்கூட இல்லை. அந்தக் கையாலேயே மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார்.